செல்வரத்தினம் அவுட் இல்லை

ஸ்ட்ரெதம்
லண்டன்
9 பெப்ரவரி 1992

யோகண்ணைக்கு,

வதனாவின் ஆண்டுத் திவசத்தன்று விம்பிள்டன் கோயிலில் உங்களைக் கண்டேன். நீங்கள் என்னைக் காணாதது போல் போனீர்கள். அதைப் பற்றி எழுத வரவில்லை. என் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ‘மிஸ் சந்திரவதனா’ என்று, அவளுக்குக் கலியாணமாகாத காலத்துப் பெயரில், ஒரு கடிதம் வந்தது. மிச்சம் மைதானத்தில் நீங்கள் முந்தி பேஸ்போல் விளையாடிய ஸ்வாலோஸ் கிளப்பின் செக்ரட்டரி பார்லோ எழுதியிருந்தார். இந்தக் கோடையில் அவர்களுடைய லீக் ‘ஹோல் ஒஃப் ஃபேம்’ என்று ஒன்று தொடங்குகிறதாம். பழைய நல்ல ஆட்டக்காரர்களின் பெயரை மைதானத்து மண்டபத்தில் பலகையில் எழுதி வைப்பார்களாம். அதற்கு லீக் ஆட்டங்களில் இருநூற்றைம்பது ஹிட் வேண்டும். 1977 முதல் 82 வரை ஸ்கோர் எழுதியது வதனாதானே. அந்த ஆறு கொப்பியும் அவளிடம் இருக்கும், தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

அவள் இல்லை என்று பதில் போட்டேன். பிறகு அவளுடைய அலுமாரியைத் திறந்தேன். பதினாலு மாதத்தில் முதல் தடவை. கொப்பிகள் மேல்தட்டில், வருட வாரியாக, நூலால் கட்டி இருந்தன.

பார்லோ அனுப்பிய பட்டியலில் ‘யோ. செல்வரத்தினம், 1973–76, 112 ஹிட்’ என்று ஒருவர். ‘செ. யோகராஜா, 1977–82, 171 ஹிட்’ என்று இன்னொருவர். இரண்டு பேருக்கும் தகுதி இல்லை என்று எதிரில் கோடு. செல்வரத்தினம் என்பது மாமாவின், அதாவது உங்கள் அப்பாவின், பெயர். மாமா சாவகச்சேரியில் போஸ்ட்மாஸ்டராக இருந்து பென்சன் எடுத்தவர், கடல் தாண்டாதவர். அவர் மிச்சத்துக்கு வந்து நூற்றுப் பன்னிரண்டு ஹிட் அடித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அப்படியானால் இரண்டும் நீங்கள்தான். கூட்டினால் 283.

இது சரியா என்று மட்டும் எழுதுங்கள்.

பாலேந்திரா


எட்மண்டன்
லண்டன்
17.02.92

பாலேந்திரா,

எனக்கு உம்மைப் போல ஒழுங்காய் எழுத வராது. வாயில வாறதை எழுதுறன்.

ஓம், ரெண்டும் நான்தான். 73ல வந்த புதுசில கிளப்பில ஒரு போர்ம் தந்தாங்கள். கடைசிப் பேர் எண்டு ஒரு பெட்டி. கடைசிப் பேர் எண்டால் தேப்பன்ர பேர் எண்டு கூட இருந்த பெடியன் ஒருத்தன் சொன்னான், அப்பாவின்ர பேரைப் போட்டன். நாலு வருசம் சனம் என்னை செல்வா, செல்வா எண்டுதான் கூப்பிட்டது. பிறகு பேர் மாறினது வேற கதை.

ஊரில எல்லே விளையாட்டில பந்தடிச்ச கை எனக்கு. பொல்லைத் தூக்கினால் பந்து தானா வந்து படும். முதல் நாள் நான் அடிச்ச அடியில பந்து ரோட்டுக்குப் போய் பால்காரன்ர வண்டியில விழுந்தது. பத்து வருசம் அந்தச் சேத்துக்க ஓடினன். 82ல கடைசி டின்னரில எல்லாருக்கும் கப் குடுத்தாங்கள், எனக்குக் கை குடுத்தாங்கள். கை கழுவிப்போட்டு வந்திட்டன். இப்ப உமக்கேன் இந்த வேலை? ஆரும் உம்மைக் கேட்டதோ?

கொப்பியளை எனக்கு அனுப்பும். அது என்ர தங்கச்சியின்ர எழுத்து.

செத்தவீட்டில நான் உம்மைக் கேட்டதுக்கு இன்னும் மறுமொழி வரேல்லை. அதை விட்டிட்டு ஹிட் எண்ணுறீர்.

யோகராஜா


ஸ்ட்ரெதம்
22 பெப்ரவரி 1992

யோகண்ணைக்கு,

செத்தவீட்டில் எல்லாருக்கும் முன்னால் நீங்கள் கேட்டது இது: “ஒரு மெசினுக்கு வருத்தம் எண்டால் சத்தத்திலயே கண்டுபிடிப்பீராம். என்ர தங்கச்சிக்கு வந்தது உமக்குத் தெரியேல்லையோ?”

மறுமொழி எழுதுகிறேன். என் வேலை தராசு, அழுத்தமானி, வெப்பமானி போன்றவை சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது. ஊசி நகர்ந்தால் எனக்குத் தெரியும். வதனாவுக்கு மூன்று நாள் தலையிடி. குளிசை போட்டாள், வேலைக்குப் போனாள், சமைத்தாள். நாலாம் நாள் விடிய எழும்பவில்லை. மூளைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடித்தது, வெளியில் நின்று பார்த்த ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்று டொக்டர் சொன்னார். அவர் சொன்னதை நம்புகிறேனா என்று கேட்டால், சில நாட்களில் நம்புகிறேன்.

நீங்கள் கேட்பதற்கு முன்னமே நான் என்னையே அதைக் கேட்டுவிட்டேன். அதனால்தான் அன்று வாய் திறக்கவில்லை.

என்னை ஒருவரும் கேட்கவில்லைத்தான். வேலையால் வந்தால் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கொப்பியைத் திறந்தால் அவளுடைய பென்சில் கோடு இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டமாகக் கூட்டிப் பார்க்கிறேன். அவள் கூட்டியதும் நான் கூட்டியதும் ஒத்து வருகின்றன. அது போதுமாக இருக்கிறது.

இரண்டு பெயரும் ஒருவர்தான் என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தால் பார்லோவுக்கு அனுப்புவேன். ஏப்ரல் முடிவில் பட்டியலை மூடிவிடுகிறார்கள், அதற்குப் பிறகு பெயர் சேர்ப்பதில்லையாம். கொப்பிகள் வேலை முடிந்ததும் உங்களுக்கு வரும்.

பாலேந்திரா


எட்மண்டன்
01.03.92

பாலேந்திரா,

கையெழுத்து வைச்சு இதோட அனுப்புறன். பாஸ்போட் போட்டோக்கொப்பியும் இருக்கு. சிவனேஸ்வரிதான் கொப்பி அடிச்சுக்கொண்டு வந்தவ. உம்மட கடிதத்தை அவவும் வாசிச்சா. வாசிச்சுப்போட்டு ரெண்டு நாளா என்னோட கதைக்கேல்லை. என்ர மனிசி சமைச்சுப் போடுறா, மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு போறா.

பலகையில பேர் வந்தால் வரட்டும். என்ர பிள்ளையளுக்குத் தேப்பன் பஸ் ஓடுறவன் எண்டு மட்டும்தான் தெரியும்.

யோகராஜா


ஸ்ட்ரெதம்
14 மார்ச் 1992

யோகண்ணைக்கு,

ஒரு சிக்கல். உங்கள் கடிதத்தைக் கொமிட்டி பார்த்தது. அதில் ஓக்ஸ் என்று ஒரு கிழவர், லீக்கின் கணக்குகளை வைத்திருப்பவர். அவர் நான் கொடுத்த வதனாவின் முதல் கொப்பியில் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினாராம். 1977 ஏப்ரல் 17. அந்த ஆட்டத்தில் முதல் தரம் அடிக்க வந்தவர் செல்வரத்தினம், மூன்று பந்தையும் விட்டு அவுட். அதே வரியில் அடுத்த தரம் அடிக்க வந்தவர் பெயர் யோகராஜா. ஒரே ஆட்டத்தில் இரண்டு பெயர் இருந்தால் ஒருவர் வெளியே போய் மற்றவர் உள்ளே வந்தார் என்றுதான் அர்த்தம், இவர்கள் அண்ணன் தம்பியாக இருக்க வேண்டும் என்கிறார் ஓக்ஸ். பாஸ்போட்டைக் காட்டினால், அது ஒருவருடையது, மற்றவர் எங்கே என்று கேட்கிறார்.

அந்தப் பக்கத்தை நானும் முந்தியே பார்த்தேன். விளங்காமல் விட்டுவிட்டேன். சட்டை இலக்கம் இரண்டு பெயருக்கும் பதினாலு. சட்டையை மாற்றிப் போடலாம் என்கிறார்களாம்.

ஆட்டத்தின் நடுவில் பெயர் ஏன் மாறியது? உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பேர் மாறியது வேறு கதை என்று எழுதினீர்கள். அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பாலேந்திரா


எட்மண்டன்
29.03.92

பாலேந்திரா,

ரெண்டு கிழமையா இதை எழுதிறதோ விடுறதோ எண்டு நிண்டனான். சொல்லுறன். ஆனா கடைசி வரியையும் வாசியும்.

வதனா அந்த வருசம் தைமாதம்தான் ஊரில இருந்து வந்தவள். பதினாறு வயசு. இங்கிலீஸ் வராது, வெளிய போக மாட்டாள், குளிருக்க யன்னலுக்குப் பக்கத்தில இருந்து ரோட்டைப் பாத்துக்கொண்டு இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மாட்சுக்குக் கூட்டிக்கொண்டு போனன். ஸ்கோர் எழுதிற மனிசி அண்டைக்கு வரேல்லை. பார்லோ, எங்கட பெட்டை கணக்கில கெட்டிக்காரி எண்டு கேள்விப்பட்டு கொப்பியை அவளிட்டக் குடுத்திட்டான். பத்து நிமிசத்தில எல்லாக் குறியும் பழகிட்டாள்.

நான் முதல் ஆளா அடிக்கப் போனன். மூண்டு பந்து, மூண்டையும் விட்டன். திரும்பி வந்து பாத்தால் வதனா பென்சிலை வாயில வைச்சுக்கொண்டு இருக்கிறாள். கொப்பியில ஒண்டும் எழுதேல்லை.

“எழுதம்மா.”

“மாட்டன்.”

“ஏன்?”

“அப்பாவின்ர பேருக்குப் பக்கத்தில அவுட் எண்டு நான் எழுதிறதோ?”

“அது அப்பா இல்லை, நான்தானே.”

“நீங்கள் எண்டால் உங்கட பேரைப் போடுங்கோ. உங்களை எத்தினை தரமும் அவுட் எண்டு எழுதுவன்.”

எங்கட வீட்டில அப்பாவின்ர பேரை ஒருத்தரும் வாயாலும் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்தால் போஸ்ட்மாஸ்டர் எண்டுதான் அம்மாவே சொல்லுவா. அதை உந்த வெள்ளைக்காரருக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது? பார்லோ வந்து என்ன பிரச்சினை எண்டான். நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன். அவன் சிரிச்சுப்போட்டு அந்த முதல் அவுட்டைத் தானே எழுதினான். அதுக்குப் பிறகு வதனா என்ர பேரைப் போட்டாள். ஆறு வருசமும் அப்பிடித்தான். எனக்கு அது பெரிய விசயமாத் தெரியேல்லை. ஹிட் ரெண்டாப் பிரியும் எண்டு ஆர் நினைச்சது?

இதைக் கொமிட்டிக்குச் சொல்லாதையும். அந்தப் பெட்டை வந்து எங்கட கொப்பியைக் குழப்பிப்போட்டாள் எண்டுதான் அவங்கள் சொல்லுவாங்கள். செத்தாப்பிறகு அவளைப் பிழைக்காரி ஆக்கி எனக்கு ஒரு பலகை தேவையில்லை.

யோகராஜா


ஸ்ட்ரெதம்
4 ஏப்ரல் 1992

யோகண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை வேலைத்தலத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் வாசித்தேன். ‘உங்களை எத்தினை தரமும்’ என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். சத்தமாக. பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், அவர் என் சிரிப்பைக் கேட்டதில்லை.

எங்களுக்குக் கலியாணமாகி நாலு வருடம் நாலு மாதம். இந்தக் கதையை அவள் எனக்குச் சொன்னதில்லை. அவளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இன்னும் வரும் என்று நான் நினைக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன். மேலதிகமாகக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை என்று பார்லோவுக்கு எழுதிவிட்டேன். கடைசிக் கூட்டம் 26ம் திகதி ஞாயிறு பின்னேரம், மிச்சத்தில் கிளப்புக்கு எதிரில் உள்ள பப்பில். அதோடு பட்டியல் பலகை எழுதுபவரிடம் போய்விடும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. பிழை என்பது இருப்பதை மாற்றிக் காட்டுவது. என் வேலையில் அதற்கு வேறு அர்த்தம் இல்லை. பொல்லைப் பிடித்து நின்றது யோகராஜா. வதனா யோகராஜா என்று எழுதினாள். அவள் எழுதியது சரி. பிழை போர்மில் இருந்தது. அதை நிரப்பியது நீங்கள்.

அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, அவள் பிழை விட்டாள் என்பதை நீங்கள்தான் ஒப்புக்கொள்கிறீர்கள்.

பாலேந்திரா


எட்மண்டன்
27.04.92

பாலேந்திரா,

உம்மட கடைசி வரியை வாசிச்சு மூண்டு கிழமை கோவத்தில இருந்தன். நேற்று ஷிப்ட் முடிய, உடுப்பும் மாத்தாமல், பஸ் ட்ரைவர் கோலத்திலயே மிச்சத்துக்குப் போனன். சிவனேஸ்வரிக்கும் சொல்லேல்லை.

பப்பில பின்னுக்கு ஒரு அறை. ஆறு பேர் இருந்தாங்கள். பார்லோ தலை நரைச்சுப்போனான், என்னைக் கண்டிட்டு எழும்பிட்டான். நான் கதிரையில இருக்கேல்லை. நிண்டுகொண்டே முழுக்கச் சொன்னன். அப்பாவின்ர பேரை நாங்கள் சொல்லுறேல்லை எண்டதையும் சொன்னன். ஒருத்தனும் சிரிக்கேல்லை. அந்த ஓக்ஸ் கிழவன் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, அப்ப இது ஸ்கோர் எழுதினவவின்ர பிழை எண்டு பதியலாமோ எண்டு கேட்டான்.

எனக்கு வந்த கோவத்துக்கு, இங்கிலீஸ் எங்கயிருந்து வந்தது எண்டு தெரியேல்லை. “நோ சேர்” எண்டன். “பிழை என்ர. போர்மை நான்தான் பிழையா நிரப்பினது. என்ர தங்கச்சி ஆறு வருசம் எழுதின கொப்பியில ஒரு பிழை காட்டுங்கோ, நான் இப்பவே வெளிய போறன்” எண்டன்.

கிழவன் விடேல்லை. கொப்பியை இழுத்து வைச்சுக் கூட்டத் தொடங்கினான். முக்கால் மணித்தியாலம், நான் நிண்டபடி. ஒண்டும் கிடைக்கேல்லை. அதுக்குள்ள பார்லோ முதல் பக்கத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தான். அந்த முதல் அவுட்டைக் காட்டி, “இது என்ர கை” எண்டான். பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்திட்டுது. பென்சிலை வாயில வைச்சிருந்த பெட்டை, ஓம் ஓம், எண்டு மேசையில தட்டினான். கிழவன் கொப்பியை மூடிப்போட்டு, இப்பிடிப் பிழையில்லாமல் எழுதின ஒருத்தரை நான் இந்த லீக்கில காணேல்லை எண்டான். கை தூக்கச் சொன்னாங்கள். ஆறு கையும் மேல.

வெளிய வந்து பஸ் ஸ்டொப்பில நிண்டன். முப்பது வயசுப் பெடியன் மாதிரி ஓடோணும் போல இருந்தது.

இனி மற்றது. செத்தவீட்டில நான் கேட்டது. அண்டைக்கு எனக்கு ஆருக்காவது அடிக்கோணும் போல இருந்தது. நீர்தான் கிட்ட நிண்டீர். அவ்வளவுதான். தலையிடி எண்டு அவள் எனக்கும்தான் போன் எடுத்தவள். குளிசை போடு எண்டு சொன்னது நான். இதை சிவனேஸ்வரிக்கும் நான் சொல்லேல்லை.

பலகையில எந்தப் பேரை எழுதிறது எண்டு கேக்கிறாங்கள். நீர் சொல்லும்.

யோகராஜா


ஸ்ட்ரெதம்
2 மே 1992

யோகண்ணைக்கு,

குளிசை போடு என்று நானும் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இனி இரண்டு பேரும் அதைப் பாதிப் பாதியாக வைத்துக்கொள்ளலாம். தனியாக வைத்திருந்ததைவிடப் பாரம் குறைவாகத்தான் இருக்கும்.

பலகையில் ‘செல்வரத்தினம் யோகராஜா, 1973–82’ என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். பலகையில் அவுட் எழுதுவதில்லை. மாமாவின் பெயர் அங்கே இருப்பதில் வதனாவுக்கு ஆட்சேபனை இராது.

ஒரு விசயத்தை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. கிளப்பில் இருந்த பழைய நாலு கொப்பியையும் பார்லோவிடம் வாங்கிக் கூட்டினேன். 1975ல் ஒரு ஹிட்டை இரண்டு தரம் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் மொத்தம் 283 இல்லை, 282. மன்னிக்கவும். பார்லோவுக்கும் அறிவித்துவிட்டேன். வதனாவின் ஆறு வருடத்தில் ஒன்றும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பாலேந்திரா


எட்மண்டன்
10.05.92

பாலேந்திரா,

282 ஆ? அந்த ஒரு ஹிட் எங்க போனது? 75ல நான் அடிச்சதெல்லாம் எனக்குத் தெரியும். நேர வந்து கதைக்கிறன் உம்மோட.

யூன் 14, ஞாயிற்றுக்கிழமை, ரெண்டு மணி. பலகை திறக்கிறாங்கள். நானும் பிள்ளையளும் வாறம். சிவனேஸ்வரி உமக்குச் சொல்லச் சொன்னது: வராமல் விட்டால் தான் ஸ்ட்ரெதமுக்கு வந்து கூட்டிக்கொண்டு போவாவாம். செய்வா.

யோகராஜா


ஸ்ட்ரெதம்
16 யூன் 1992

அன்புள்ள யோகண்ணைக்கு,

நேரில் கண்டு இரண்டு நாள்தான். இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் எனக்குச் சொல்ல வரவில்லை.

பலகையில் தங்க எழுத்தில் உங்கள் பெயர் மற்ற எல்லாரின் பெயரையும்விட நீளமாக இருந்தது. எழுதியவர் இடம் போதாமல் கடைசியில் நெருக்கியிருக்கிறார். உங்களைக் கதைக்கச் சொன்னபோது இரண்டே வசனம் சொல்லிவிட்டு, ஸ்கோர் எழுதியவவின் மனிசன் இங்கே நிற்கிறார், அவரைப் பாருங்கள் என்று என்னைக் கை காட்டினீர்கள். அத்தனை பேரும் திரும்பிக் கை தட்டினார்கள். ஒன்றரை வருடமாக ஆட்கள் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்துவார்கள். சத்தமாகக் கை தட்டியதை அன்றுதான் கேட்டேன். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஓக்ஸ் வந்து என்னிடம் சொன்னார், அந்த ஆறு கொப்பியையும் பலகைக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் வைக்க விருப்பமாம், அவளுடைய பெயரோடு. உங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். எனக்குச் சம்மதம்.

பிறகு தேத்தண்ணிக் கூடாரத்தில் நீங்கள் பிடித்த சண்டை. அந்தப் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தது என்று நீங்கள், ஒரே ஹிட்டை இரண்டு பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று நான். “நீ அங்க நிண்டனியோ? நிண்டனியோ?” என்று கப்பை மேசையில் அடித்தீர்கள், தேத்தண்ணி என் சப்பாத்தில் ஊற்றுப்பட்டது. உங்கள் சின்னவள் பயந்துவிட்டாள். சிவனேஸ்வரி மச்சாள்தான், “விடு மோனை, ரெண்டு பேருக்கும் இப்பதான் உசிர் வந்திருக்கு” என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனா.

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தேன். முழித்தபோது காலை ஒன்பதரை. வேலைக்கு இரண்டு மணித்தியாலம் பிந்திப் போனேன். ஏன் பிந்தியது என்று கேட்டார்கள். நித்திரை கொண்டுவிட்டேன் என்று சொன்னேன். அதைச் சொல்ல நல்லாக இருந்தது.

வாற ஞாயிறு மத்தியானம் எட்மண்டனுக்கு வருகிறேன். 1975 கொப்பியைப் பார்லோவிடம் இரவல் வாங்கிவிட்டேன். சாப்பிட முதலே காட்டுவேன். சாப்பிட்ட பிறகு என்றால் நீங்கள் சொல்வதற்கெல்லாம் நான் ஓம் என்றுவிடுவேன்.

பாலேந்திரா